என் துண்டு எங்கே, செல்வம்?

செல்வம் பொய் சொல்கிறான். என்னோடு குற்றாலத்துக்கு வரவே இல்லை என்று தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறானே, அது பொய்.

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிறவன் நான். கோயிலுக்கே வருஷத்துக்கு ஒரு தடவை, கொடைத் திருவிழாவுக்கு மட்டும்தான் போவேன். இதைப் படித்துவிட்டு நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நானும் அவனும் கோவில்பட்டியில் ஒரே ஆபீசில் பதினோரு வருஷமாகத் தீக்குச்சிக்கு மருந்து முக்குகிறோம். மேற்கே இருந்து ஈரக்காற்று அடித்தால் முக்கிய குச்சி காயாது, அன்றைக்கு எங்களுக்கு வேலை கிடையாது. அதே காற்று அடித்தால் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்றும் அர்த்தம். அதனால் எங்கள் திட்டத்துக்குத் தேதி கிடையாது. விடியும்போது காற்றில் ஈரம் தெரிந்தால் ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், போன்கூடப் பேசிக்கொள்வதில்லை. இந்தத் தடவை ஒரு மாதம் முன்னாலேயே எல்லாம் பேசி வைத்திருந்தோம். எந்த அருவியில் முதலில் குளிப்பது, எந்தக் கடையில் புரோட்டா தின்பது என்று தினமும் அவனுடைய பேச்சுத்தான், காது புளித்துவிட்டது.

காற்று வந்தது. ஏழு மணிக்குப் போனேன், எனக்கு முன்னாலேயே நின்றான். சங்கரன்கோவில் வழியாகப் போனோம். இரண்டு டிக்கெட் எடுத்தேன். ஒரு ஆள் இரண்டு டிக்கெட் கேட்டாலும் கண்டக்டர் கொடுக்கத்தான் செய்வார், அது சாட்சி இல்லை, எனக்கும் தெரியும். வழி நெடுக அவன் வாயே திறக்கவில்லை. வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மெயின் அருவியில் கூட்டம் நெருக்கியது. பதினோரு மணி இருக்கும், யாரோ தள்ளியதில் செல்வம் வழுக்கி இரும்புக் கம்பியில் மோதினான். இடது புருவம் கிழிந்து ரத்தம் ஒழுகியது. என் துண்டை எடுத்து அவன் தலையைச் சுற்றி நானே இறுக்கிக் கட்டினேன். பச்சைக் கரை போட்ட துண்டு, ஒரு மூலையில் மெழுகு பட்டுக் கெட்டியாக இருக்கும். தங்க வேண்டாம், ஊருக்கே போய்விடலாம் என்று தென்காசிக்குக் கூட்டி வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். அவன் போன் அணைந்து கிடந்தது. மூன்று பஸ்ஸை விட்டேன். கடைசியில் தனியாக வந்து, சாயங்காலம் நேரே அவன் வீட்டுக்குப் போனேன், நன்றாக ஏசிவிட்டு வர வேண்டும் என்றுதான்.

அவன் கட்டிலில் படுத்திருந்தான். புருவத்தில் பிளாஸ்திரி.

அவன் மனைவி மாரி, "வாங்கண்ணே. இவிய நேத்து சாயங்காலத்துல இருந்து காய்ச்சல்ல கெடக்காவ. எந்திரிக்கவே இல்ல. இன்னைக்குக் காலையில பதினோரு மணிபோல கட்டில்ல இருந்து உருண்டு விழுந்து, நாலு தையல்" என்றாள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் தான்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனதாகச் சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. தலையணை ஈரமாக இருந்தது. காய்ச்சல் வேர்வை என்றாள் மாரி. இருக்கலாம்.

அவள் டீ போட உள்ளே போனாள். செல்வம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"ஏலே, ஒந் துண்டத் தொவச்சுத் தாரேம்ல."

இவ்வளவுதான் சொன்னான். திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். ஆபீசில் சொன்னேன். முதலாளி அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். "இவன் என்ன சொல்லுதான்னே வெளங்கல அண்ணாச்சி. நான் காய்ச்சல்ல கெடந்தேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். துண்டைப் பற்றிக் கேட்டேன். எந்தத் துண்டு என்றான்.

கோட்டி பிடித்துப் புத்தி பேதலித்தவன் மருந்துப் பக்கம் நிற்கக் கூடாது, ஒரு பொறி போதும் என்று முதலாளி என்னை பண்டல் கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் மாற்றியிருப்பேன். தெருவில் பிள்ளைகள் என்னைப் பார்த்து, "குத்தாலம் போவமா மாமா" என்கிறார்கள். என் மனைவி தலைமாட்டில் வேப்பிலை செருகுகிறாள். செல்வம் இன்னும் மருந்துதான் முக்குகிறான். உண்மையைச் சொன்னால் தன்னையும் மாற்றிவிடுவார்கள் என்று பயம். பதினோரு வருஷம் பக்கத்தில் நின்றவனுக்கு அந்தப் பயம்தான் பெரிதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு தடவை ஈரக்காற்று வந்துவிட்டது. இரண்டு நாளும் நான் வாசல் தாண்டவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஏழு மணிக்கு எனக்கு முன்னாலேயே அவன் வந்து நின்றுகொண்டிருந்தால் நான் என்ன செய்வேன்?

செல்வம், நீ வந்தாயா வரவில்லையா என்று இனிமேல் கேட்க மாட்டேன். திங்கட்கிழமை டீ நேரத்தில் கேட் முன்னால் எல்லோரும் நிற்பார்கள், முதலாளியும் இருப்பார். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒன்றே ஒன்று சொல். கட்டிலை விட்டு இறங்காதவன், எந்தத் துண்டைத் துவைத்துத் தருகிறேன் என்றாய்?