உண்ணி பார்த்ததாகச் சொன்ன பொய்

தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஓக்லாந்தில், கிளென் ஈடனில் மகளோடு இருந்தேன். அவளுடைய நாய் புல்லில் புரண்டு உண்ணிகளோடு வரும். வேலைக்குப் போகுமுன் தினமும் ஒரே பல்லவி: "அப்பா, அதின்ரை காதுக்குப் பின்னாலை தடவிப் பாருங்கோ." பின்னேரம் ஒரே விசாரணை: "பார்த்தனீங்களோ?"

எரிச்சலாக இருக்கும். குளித்துத் திருநீறு பூசியவன் நாயைத் தொடுவதா? "இந்த நாட்டு உண்ணியாலை லைம் நோய் வராது பிள்ளை, வாசிச்சனான்" என்பேன். விடமாட்டாள். "ஓம், பார்த்தனான்" என்று பொய் சொல்லித் தப்புவேன்.

ஒரு கோடையில் நாய் எழும்ப முடியாமல் படுத்துவிட்டது. மிருக வைத்தியர் காதை மடித்துக் காட்டினார். கொத்துக் கொத்தாக உண்ணிகள். நான் வாசித்தது சரிதான். லைம் நோய் இல்லை. இரத்தத்தைத்தான் உறிஞ்சியிருந்தன.

"வீட்டில் யாரும் கவனிப்பதில்லையா?" என்றார் வைத்தியர்.

"அப்பா ஒவ்வொரு நாளும் பார்க்கிறவர்" என்று மகள் எனக்காக வாதாடினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது காரில் உண்மையைச் சொன்னேன். "நாய் வாய் திறந்து சொல்லாது எண்ட துணிவுதானே அப்பா?" என்றாள்.

நாய் பிழைத்தது. அதன்பின் மகள் வேலையால் களைத்து வந்து, உடுப்பும் மாற்றாமல் தானே உண்ணி பார்ப்பாள். ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. என்னை நம்பி ஒன்றும் ஒப்படைக்கவுமில்லை.