என் ஊர்க்காரி

திருச்சிக்குப் படிக்க வந்த புதிதில், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு காபி கிளப்பில் நுழைந்து, "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். மலாயாவில் நம் ரப்பர்த் தோட்டத்தில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதானே பேச்சு? கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் இளகிவிட்டது. "உக்காருங்க தம்பி. காசெல்லாம் வேணாம்" என்றார். பாவி மனுஷன், என்னைப் பட்டினி கிடந்தவன் என்று நினைத்துவிட்டார்! இட்லியைத் தின்றுவிட்டுப் பணத்தை நீட்டவும் வெட்கம், நீட்டாமல் போகவும் வெட்கம். "அங்கேயும் தமிழ்தானடா, என்ன பயம்?" என்று கப்பலேற்றிவிட்ட அப்பாவின் மேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த தொல்லை, ஊர். நம் பக்கத்தில் புது ஆளைக் கண்டால் "எந்தத் தோட்டம்?" என்போம், பதில் வந்ததும் விட்டுவிடுவோம். இங்கே விடமாட்டார்கள். "எந்த ஊரு?" "மலாயாங்க." "அது சரி, சொந்த ஊரு?" "அங்கதாங்க பொறந்தேன்." "அது இருக்கட்டும். சொந்த ஊரு?" தாத்தா எங்கிருந்து கப்பல் ஏறினார் என்பது அப்பாவுக்கே தெரியாது. கிழவர் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. இதைச் சொன்னால், எதையோ மறைக்கிறேன் என்பதுபோல் பார்ப்பார்கள். எரிச்சலாக வரும்.

கல்லூரியில் முதல் மார்கழி விடுமுறை வந்தது. "லீவை வீணாக்காதீங்க, உருப்படியா ஏதாவது பண்ணுங்க" என்று பேராசிரியர் சொல்லி அனுப்பினார். அறைத்தோழர்களில் ஒருவன் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தான், இன்னொருவன் வயல் வேலைக்கு வீட்டுக்குப் போனான். நான் கப்பலில் போய்த் திரும்புவதற்குள் லீவே முடிந்துவிடும். விடுதியில் தனியாகக் கிடப்பதற்குப் பதில், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் தொண்டு செய்யப் போன மாணவர்களோடு நானும் பேர் கொடுத்தேன். குரல் கணீரென்று இருக்கிறதாம். மொட்டைக் கோபுரத்தின் அருகே ஒரு பந்தலில், மைக்கின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கூட்டத்தில் தவறிப்போனவர்களின் பேரையும் ஊரையும் கேட்டு அறிவிக்க வேண்டும். பாருங்கள், ஊர் கேட்கும் வேலை எனக்கே வந்து சேர்ந்தது!

ஏகாதசியன்று காலையில், துணி மூட்டையோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். பேர் பொன்னாயி, ஊர் வையம்பட்டிப் பக்கம். "எந்தம்பி முருகேசன் தண்ணி வாங்கியாரேன்னு போனான். நேத்திலேருந்து காணோமுங்க."

"பசியாறிட்டீங்களா அக்கா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

தண்ணீர்ப் பானைக்குப் பொறுப்பாக இருந்த திருமண்காரர் துள்ளி எழுந்தார். "ஏகாதசியும் அதுவுமா பசியாறறதாவது! அபசாரம். இன்னைக்கு உபவாசம்னு தெரியாதோ ஓய் உமக்கு?"

ஆனால் பொன்னாயி அழுதுவிட்டாள். "யாருமே கேக்கலீங்க" என்றாள். அவளுக்கு விரதமுமில்லை, ஒன்றுமில்லை, வெறும் பட்டினி. திருமண்காரர் முணுமுணுத்துக்கொண்டே தம் பையிலிருந்த வாழைப்பழங்களை அவள் பக்கம் தள்ளினார்.

"வையம்பட்டியிலிருந்து வந்திருக்கும் முருகேசன், உங்கள் அக்கா பொன்னாயி இங்கே காத்திருக்கிறார்." தொண்டை கட்டும்வரை சொன்னேன். மற்றவர்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள், முதுகில் இரண்டு போட்டார்கள், அழைத்துப் போனார்கள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகலில், எதிரே கடலை வண்டியின் அருகில் ஒரு வாலிபன் நின்றான். என் அறிவிப்பு கேட்டதும் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பந்தலைப் பார்த்தான், அவளையும் பார்த்தான். அவள் மூட்டையோடு எழுந்தாள். அவன் சட்டென்று திரும்பிக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

"அவருதானே அக்கா?"

"இல்லீங்க. அது யாரோ."

நான் மைக்கைப் பிடித்தேன். அவன் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, நாலு வீதிக்கும் கேட்கும்படி கிழித்திருப்பேன். அவள் ஓடிவந்து கையால் மைக்கைப் பொத்தினாள். "வேணாம் தம்பி. எனக்கு வலிப்பு வருமுங்க. தையில அவனுக்குக் கல்யாணம். பொண்ணு வீட்டுல என்னைப் பத்திச் சொல்லல. நான் தூக்கி வளத்த புள்ளைங்க அவன். இனிமே ஊரு பேரு எதையும் சொல்லாதீங்க."

சாயங்காலம், காவிரிக்கரைப் பாரா முடிந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். "எந்த ஊரும்மா? சொன்னா பஸ்ஸுல ஏத்தி விட்டுடலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "இந்தத் தம்பிக்கு எந்த ஊருங்க?"

"மலாயா" என்றேன்.

"எனக்கும் அங்கதானுங்க."

போலீஸ்காரர் சிரித்தார். "என்னப்பா, உங்க ஊரா இவங்க?"

கப்பலையோ கடலையோ கண்டிராதவள். அவள் கண் என்னை விட்டு நகரவில்லை. "ஆமா சார். எங்க தோட்டத்து ஆள்தான்" என்றேன்.

டவுனில் ஓர் ஆதரவற்றோர் விடுதியில் சேர்த்தார்கள். ஞாயிறுதோறும் போவேன். ரப்பர் என்றால் கித்தா, கங்காணி என்றால் தண்டல் என்று சொல்லிக்கொடுத்தேன், யாராவது கேட்டால் மாட்டிக்கொள்ளக்கூடாதே என்று. அவள் விரும்பி எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான். என் தலையைக் கண்டதும், "பசியாறியாச்சா தம்பி?" என்பாள். படிப்பு முடிந்தது, இங்கேயே வேலையும் கிடைத்தது. அங்கே அப்பா கண்ணை மூடினார். அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே நான் விடாமல் போய்க்கொண்டிருந்தேன். மலாயா மலேசியாவாகிவிட்டது என்று சொன்ன அன்று, "நம்ம ஊரு பேர மாத்திட்டாங்களா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

போன ஐப்பசி மழையில், துணி துவைக்கும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. ஊர்க்காரன் என்று எனக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். வையம்பட்டிக்கு ஆள் அனுப்பலாமா என்று விடுதி வாசலில் நெடுநேரம் நின்று யோசித்தேன். மைக்கைப் பொத்திய அந்தக் கை கண்முன் வந்தது. அனுப்பவில்லை.

ஓயாமரிச் சுடுகாட்டில் நானே கொள்ளி வைத்தேன். விறகு அடுக்கியவர் பேச்சுக்கொடுத்தார்.

"அக்காவுங்களா? எந்த ஊரு?"

"மலேசியாங்க."

"அது சரி, சொந்த ஊரு?"

"ரெண்டு பேருக்கும் அதுதாங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் தீயைக் கிளறப் போனார். இத்தனை வருஷத்தில் மேற்கொண்டு கேட்காமல் விட்டவர் அவர் ஒருவர்தான்.