இரண்டாம் பார்வை

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைப் பூஞ்சைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளியின் ரத்தத்தில் பூஞ்சை முளைத்தால் அது என்ன இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டு சொல்வது அவர் வேலை. வீட்டில் ரொட்டி பச்சை பூத்தால் மனைவி தட்டோடு நீட்டுவாள். "உங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க."

ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூஞ்சை பரப்பிய தட்டில் மருந்து வில்லையை வைப்பார்கள். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றி எதுவும் முளைக்காமல் ஒரு வட்டம் விழும். ஒருவர் அதை அளந்து, சீட்டில் எழுதிக் கவிழ்த்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். மற்றவர் தனியாக அளப்பார். இரண்டும் ஒத்துவந்தால்தான் டாக்டருக்குப் போகும். அந்த மற்றவர் பக்கத்து மேஜைக்காரர். இருவரும் மச்சான் என்றே அழைத்துக்கொள்வார்கள். பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு தையற்காரம்மாவின் ரத்தத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கே புதிதான ஓர் இனம் வந்தது. இனம் காணும் கருவி அதன் பங்காளி இனம் ஒன்றின் பெயரைத் தவறாகச் சொன்னது. மற்றவை வாடிப்போகும் சூட்டிலும் இது செழித்ததைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் தட்டியது. மாதிரியை அனுப்பிக் கேட்டபோது பெரிய ஆய்வுக்கூடமும் அந்தப் புது இனம்தான் என்றது. வழக்கமான மருந்துக்கு மசியாது என்று வேறு ஊர்களில் பேர் வாங்கிய இனம் அது. ஆனால் தட்டில் அவருக்கு அகலமான வட்டம் தெரிந்தது.

"மச்சான், வலது கண்ணுல கொஞ்ச நாளா புகை படிஞ்ச மாதிரி இருக்கு. இடதும் சுமார்தான். வீட்டுலகூடச் சொல்லல. இந்தத் தட்டை நல்லாப் பாரு."

"நான் எதுக்கு இருக்கேன்? போய் டீ குடி."

திரும்பி வந்தபோது இரண்டு அளவும் ஒத்திருந்தன. வழக்கமான மருந்தையே ஏற்றினார்கள்.

தையற்காரம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ரத்த அழுத்தம் சரியத் தொடங்கியது. பூஞ்சைக்காரர் மேற்கொண்டு வளராதபடி குளிர்பெட்டியில் வைத்திருந்த அதே தட்டை ஜன்னலோரம் கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வட்டத்துக்குள் வில்லைவரை பொடிப்பொடியாக முளைத்திருந்தது.

"இதை எப்படி விட்ட?"

மச்சான் தட்டைப் பார்க்கவில்லை. "உன் அளவு எப்பத் தப்பாச்சு? சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதையே எழுதினேன்."

"இந்த ஒரு தடவைதானா?"

"எப்பவுமே உன்னை நம்பித்தான்டா."

"கண்ணு தெரியலன்னு உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

இத்தனை வருஷமாக இருவர் பார்த்தது என்று நம்பி நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார். தன் குரலே சுவரில் பட்டுத் திரும்பியதைத் துணை என்று நினைத்திருக்கிறார்.

டாக்டருக்குப் போன் போட்டார். "அந்த மருந்து இதுக்குக் கேட்காது டாக்டர். உடனே மாத்துங்க."

"ரெண்டு பேரும் பார்த்துதானே அனுப்பினீங்க?"

மச்சான் எதிரே நின்று கையை அசைத்தார், சொல்லாதே என்று.

"ஒருத்தன்தான் பார்த்தேன் டாக்டர். அதுவும் சரியாப் பார்க்கல."

புது மருந்தில் தையற்காரம்மா மெல்லத் தேறினாள். பூஞ்சைக்காரருக்குக் கண்புரை என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆபரேஷனுக்குத் துணையாக வருகிறேன் என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்லி அனுப்பினார். பூஞ்சைக்காரர் வேண்டாம் என்றுவிட்டு, மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.