முருகன் விட்டுப்போன பி.எச்.பி.

கரியாலூர் விடுதி ஒன்றுக்கு, இணையத்தில் அறை பதிவு செய்ய ஒரு ஃபாரம் கேட்டார்கள். நிரப்பியதை வாங்கிச் சேமிக்கும் சர்வர் புரோகிராமை எந்தக் கணினி மொழியில் எழுதுவது? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே எங்கள் மாடி அறையில் நானும் கூட்டாளி முருகனும் அதற்காகவே சண்டை போட்டோம். எனக்கு பி.எச்.பி. மட்டும்தான் தெரியும். அவனுக்குப் பைத்தான்தான் உயிர், பி.எச்.பி. என்றாலே முகம் சுளிப்பான்.

ஒரு காலையில் போனால், பி.எச்.பி.யிலேயே எழுதி முடித்திருந்தான்.

"இன்னாடா, தோத்துட்டியா?" என்று சிரித்தேன்.

"பெங்களூர்ல வேல கெடச்சிடுச்சுடா. அங்க இருந்துக்கினு நான் இன்னா பண்ண முடியும்? இது நின்னுபோச்சுன்னா நீதான பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்று பைத்தான் எனக்கும் நன்றாக வரும். பழைய வேலைகளையெல்லாம் அதில் மாற்றி எழுதிவிட்டேன். அவன் எழுதிய அந்தப் புரோகிராமில் மட்டும் ஒரு வரியைக்கூட மாற்ற மனம் வரவில்லை.