சீட்டு இல்லாமல்

மதுராந்தகத்தில் நான் நெல் மூட்டை தூக்கிய நாட்களில், மண்டிக்கு எதிர் வீட்டில் ஓர் இஸ்திரிக்கார அம்மா இருந்தார். கையெல்லாம் சூட்டுத் தழும்பு. சீட்டு காட்டாமல் யாருக்கும் துணி தரமாட்டார்.

ஒரு காலையில் அவர் தம்பியைத் தேடி போலீஸ் வந்தது. "வாரண்ட் எதுனா கீதா, சார்?" என்று அம்மா வாசலை மறித்தார்.

"உன் வூட்டுக்கு இன்னாத்துக்குடி வாரண்ட்?" எஸ்.ஐ. கதவை உதைத்துப் பெயர்த்தார். உள்ளே யாருமில்லை. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது, நானும்தான்.

மறுநாள் எஸ்.ஐ.யின் காக்கிச் சட்டையை வாங்க கான்ஸ்டபிள் வந்தார்.

"சீட்டு?"

"அய்யா சட்டைன்னு தெர்ல உனக்கு?"

"தெரியும். பேப்பர் இல்லாம வூட்டுக்குள்ள நீங்க வருவீங்க. சீட்டு இல்லாம நான் துணி தரமாட்டேன்."

அவர் வெறுங்கையோடு போனார். அம்மா இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டார்.

மூட்டை சுமந்த இந்தத் தோள் அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுக்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.