ஒன்பதாம் கட்டத்தைத் தாண்டிய கை

வருங்கால நகரத்தில் மாடிக்கு மாடி பைக்கில் தாவும் செல்போன் விளையாட்டு அது. ஒன்பதாம் கட்டத்தில் ஒரு மாதமாகக் குப்புற விழுந்துகொண்டிருந்தார் பைக் மெக்கானிக். அவர் போனிலேயே யாரோ அதைத் தாண்டியிருந்தார்கள். வீட்டோடு தங்கியிருந்த மச்சான்மேல்தான் சந்தேகம். உண்ட வீட்டுக்கே இரண்டகம்.

"எனக்கு சைக்கிளே ஓட்ட வராது மாமா" என்றான் மச்சான்.

நம்பாமல், பதிவாகியிருந்த ஓட்டத்தைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தாவலுக்கு முன்னும் பின்சக்கர பிரேக்கில் இரண்டு தட்டு. அப்படித் தட்டித் தட்டியே பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு அவர் பட்டறைக்கு வரும் வண்டி ஒன்றே ஒன்றுதான், மனைவியின் ஸ்கூட்டர்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம், "நீயா விளையாடினே?" என்றார்.

"எனக்கேதுங்க நேரம்?" அவள் நிமிரவில்லை. "பத்தாவதுல மட்டும் பிரேக்கைத் தொட்டுடாதீங்க."