நெல் மூட்டைகளுக்கு நடுவே இரண்டு ஸ்பீக்கர்

பாட்டுச் சத்தத்துக்கு நடுவே ஆழ்ந்து நித்திரை கொள்ளும் பிள்ளை, சத்தத்துக்குப் பழகிய பிள்ளையா, இல்லை சத்தம் சரியாகக் கேட்காத பிள்ளையா? என் மகளுக்கு ஒன்றரை வயது. இந்தக் கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன்.

திருமணத்துக்கு முன் நான் கிளிநொச்சியில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஒரு கலைவிழாவில் பிள்ளைகள் மேடையில் ஆடிக்கொண்டிருந்தபோது பாட்டு முடிந்துவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு பிள்ளை சபையில் தாயைத் தேடி அழத் தொடங்கியது. பிறகு மேடை முழுவதும் அழுகை. முதல் பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு மெல்ல உள்ளே வந்திருந்தால் ஒருவரும் அழுதிருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. டிஜே என்பவர் செய்வது அதைத்தான் என்று பின்னர் அறிந்துகொண்டேன். மகள் பிறந்து வேலையை விட்ட பிறகு, அவளை மடியில் வைத்துக்கொண்டே போனில் அந்த வேலையைப் பற்றிய காணொளிகளைப் பார்த்தேன். பார்த்தது போதாது, செய்ய வேண்டும் என்று தோன்றியது.

முதலில் போனும் ஓர் இலவசச் செயலியும்தான் இருந்தன. சபை ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது டிஜே அடுத்த பாட்டைத் தன் காதில் மட்டும் கேட்க வேண்டும். அதற்கு, ஒரு பக்கத்தை ஸ்பீக்கருக்கும் மறுபக்கத்தை ஹெட்செட்டுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன வயர் போதும். பரந்தனில் ஒரு போன் கடையில் கேட்டேன். இரண்டு வாய் உள்ள வயர் ஒன்றைத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு வாயிலும் ஒரே பாட்டு. அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனேன்.

“ஆருக்கு அக்கா, தம்பிக்கோ?” என்று கடைக்காரர் கேட்டார்.

“எனக்குத்தான்.”

அவர் என்னையும் தோளில் கிடந்த மகளையும் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சரியானதைத் தேடி எடுத்து வந்தார்.

பிறகு எங்கள் வீதியில் வெளிநாடு போகவிருந்த ஒருவர் தன் பொருட்களை விற்றார். அவரிடம் பழைய கொன்ட்ரோலர் ஒன்று இருந்தது. இரண்டு வட்டத் தட்டுகளும் கையால் திருப்பும் சில திருகுகளும் கொண்ட, லப்டொப்புடன் பொருத்தும் சிறிய பலகை அது. கணவர் அதை மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். லப்டொப் நான் படித்த காலத்தது. பற்றரி செத்துவிட்டது, வயரைக் கழற்றினால் அணைந்துவிடும். பின்னர் வாங்கிய, அம்ப்ளிபயர் உள்ளேயே இருக்கிற இரண்டு ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே ஒருவர் பாவித்தவைதான். ஒன்றின் முன்வலை கிழிந்திருந்தது, நான் தைத்தேன். விலைகளை எழுதவில்லை. நான் எழுதி நீங்கள் வாசிப்பதற்குள் மாறிவிடும். ஆனால் புதிதாய் ஒன்றும் வாங்காமலே தொடங்கலாம் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

கணவரின் தாயான மாமி, ஸ்பீக்கர் பெட்டிகள் இறங்குவதை வாசலில் நின்று பார்த்தார். ஆர் வீட்டுக் கலியாணத்துக்கு என்று கணவரைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளையின்ர காது?”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் பதில் வைத்திருந்தேன். கணவரின் சகோதரியான மச்சாளின் மகனுடைய பிறந்தநாள் வரப்போகிறது, அங்கே ஒரு தரம் போட்டுப் பார்க்கட்டும், பிள்ளைக்கு ஒரு குறையும் வராமல் ஒழுங்காக நடந்தால் பெட்டி வீட்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் போகட்டும் என்று அன்றிரவு சாப்பாட்டில் மாமியே முடிவு சொன்னார். நான் ஓம், சரி என்றேன்.

அது மாரிமழையில் விதைத்த காலபோக நெல்லின் அறுவடை முடிந்த நேரம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த எங்கள் சிறிய வீட்டின் பின் அறையில், விலை ஏறட்டும் என்று நெல்லைக் கட்டி அடுக்கி வைத்திருந்தோம். மூன்று சுவரும் தெரியாத அளவுக்கு மூட்டைகள். நடுவில் ஒரு மேசை வைக்க மட்டும் இடம். கதவைச் சாத்தினால் அங்கே போடுகிற பாட்டு சமைக்கும் குசினிக்குக்கூடக் கேட்காது. சமையல் முடித்து, உடுப்பு தோய்த்து, மகளை முன் அறையில் நித்திரையாக்கிய பிறகே நான் அந்த அறைக்குப் போவேன். ஒரு பாட்டு முடிவதற்குள் இரண்டு முறை எழும்பிப் போய் அவள் படுத்திருக்கும் பக்கத்துச் சுவரில் காதை வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் கேட்காது. அப்படியும் சந்தேகம் தீராது.

“நெல்லுக்கோ பிள்ளை பாட்டுப் போடுறாய்?” என்று மாமி ஒருநாள் கதவைத் திறந்து கேட்டார். “போடு, போடு. வண்டெண்டாலும் ஓடட்டும்.”

அந்த அறையில் பாடுகிறவர்களின் குரல் போர்வைக்குள் இருந்து வருவது போல மங்கலாக இருந்தது. கூர்மையான சத்தத்தைக் கூட்டுகிற திருகை முக்கால்வாசிக்கு மேல் திருப்பினேன். குரல் தெளிந்தது, தாளத்தின் கிணுகிணுப்பும் கேட்டது. அந்த இடம் மறக்காமல் இருக்க நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன், மற்றத் திருகுகளுக்கும் அப்படியே. படித்த பிள்ளை என்பதால் எதையும் குறித்து வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

மச்சாளின் வீடு கண்டாவளையில். வெயில் கடுமை என்று உழவு இயந்திரம் நிற்கும் கொட்டகையைக் கழுவிப் பலூன் கட்டியிருந்தார்கள். கூரையும் தகரம், மூன்று பக்கச் சுவரும் தகரம். பின்னேரம், கேக் வெட்டுவதற்கு முன், திருகுகளை ஒவ்வொன்றாகப் புள்ளிகளுக்குக் கொண்டுவந்து முதல் பாட்டைப் போட்டேன்.

தகரத்தில் கத்தியால் இழுத்தது போல இருந்தது. ஒவ்வொரு தாளமும் கூரையில் பட்டுத் திரும்பி வந்து காதுக்குள் குத்தியது. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். பிறந்தநாள்காரன் கேக்கை விட்டுவிட்டு வெளியே ஓடினான். மாமியின் மடியில் இருந்த என் மகள் வாய் பிளந்து அழுதாள். பாட்டின் இரைச்சலில் அந்த அழுகை எனக்குக் கேட்கவில்லை. முகம் சிவந்ததை மட்டும் பார்த்தேன்.

சத்தத்தை அடியோடு குறைத்தேன். மச்சாள் பக்கத்தில் வந்து, ஆக்களுக்குக் கேட்காதபடி மெதுவாக, “நிப்பாட்டுவமோ?” என்றார்.

மாமி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றார். நிறுத்தினால் பெட்டி வீட்டுக்குத் திரும்பாது. நிறுத்தாவிட்டால் என் பிள்ளையின் காது. வீட்டில் நன்றாகக் கேட்ட பாட்டு இங்கே ஏன் இப்படி என்று நின்று யோசித்தேன். பெட்டியும் அதே பெட்டி, புள்ளியும் அதே புள்ளி. அங்கே இருந்து இங்கே இல்லாதது ஒன்றுதான். நான் இவ்வளவு நாளும் திருகைத் திருப்பியது பாட்டுக்காக இல்லை, நெல் விழுங்கியதை ஈடுகட்டத்தான். விழுங்க நெல் இல்லாத இடத்திலும் அதே அளவைக் கொட்டியிருக்கிறேன்.

“கொஞ்சம் பொறுங்கோ மச்சாள். உங்கட நெல்லு வித்துப்போட்டியளோ?”

“இல்லை. ஏன்?”

திருகைப் புள்ளியிலிருந்து பாதிக்கும் கீழே இறக்கினேன். பிறகு கணவரைக் கூப்பிட்டு, வீட்டுக்குள் இருக்கிற மூட்டைகளைக் கொண்டுவந்து தகரச் சுவரோரம் அடுக்கச் சொன்னேன்.

“நெல்லு மூட்டையோ? இப்பவோ?”

“ஓம், இப்பத்தான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்தார். மச்சாளின் கணவரும் அவருடைய கூட்டாளிகளும் வெள்ளைச் சட்டையோடு மூட்டை சுமந்தார்கள். “பிறந்தநாளெண்டு கூப்பிட்டுப்போட்டு மில் வேலை வாங்கிறியள்” என்றார் ஒருவர். “கேக்கில ரெண்டு துண்டு கூடத் தரவேணும்” என்றார் மற்றவர். அடுக்கி முடிப்பதற்குள் பிள்ளைகள் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்பீக்கர்களைத் தகரத்திலிருந்து தள்ளி, கொட்டகையின் திறந்த வாசலை நோக்கித் திருப்பி வைத்தேன்.

மறுபடி போட்டேன். குரல் குரலாகக் கேட்டது. சத்தத்தை, பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் கதைக்கக்கூடிய அளவுக்கு மேல் போக விடவில்லை. முதல் பாட்டு முடிய முன் இரண்டாவதை ஒற்றைக் காதில் கேட்டு, தாளம் சேரும் இடத்தில் உள்ளே விட்டேன். பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் நின்று தாயைத் தேடவில்லை. அதற்காகத்தானே இவ்வளவும் என்று ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்தது.

பிறகு திரும்பிப் பார்த்தேன். மாமி உள்ளே வந்து, பின்பக்கத்து மூட்டையொன்றில் சாய்ந்திருந்தார். அவர் மடியில் என் மகள் நல்ல நித்திரை. பாட்டு மாறியது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், அவள் அசையவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மாமி, பெட்டி பனியில் நனையாமல் தார்ப்பாய்ப் படங்கால் மூடச் சொன்னார். அவருடைய தீர்ப்பு அதுதான். சிறிது தூரம் போன பின், “ஆனா பிள்ளை எழும்பேல்லை, கண்டனியோ?” என்றார். கண்டேன். முதல் பாட்டுக்கு அழுதவள், பிறகு எப்படி உறங்கினாள்? அழுத களைப்பா? மெத்தென்ற சத்தமா? அல்லது அந்த முதல் பாட்டு அவள் காதை ஏதாவது செய்துவிட்டதா?

அதன் பிறகு குசினியிலிருந்து மெல்லிய குரலில் “பிஸ்கற்” என்று சொல்லிப் பார்க்கிறேன். திரும்புகிறாள். முதுகுக்குப் பின்னால் விரல் சொடுக்குகிறேன். திரும்புகிறாள். சில நேரம் விளையாட்டில் இருந்தால் திரும்புவதில்லை, அப்போது கிட்டப் போய் இன்னொரு தரம் சொடுக்குகிறேன். தாய் சேய் கிளினிக்கில் மருத்துவமாது பிள்ளையைப் பார்த்துவிட்டு, வயதுக்கு ஏற்றபடி கதைக்கிறாள், பயப்பட ஒன்றும் தெரியவில்லை என்றார். வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் காதைச் சோதிக்கக் கடிதம் தருவதாகவும் சொன்னார். கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், போவேன்.

பெட்டியை விற்கப் போவதில்லை. பரந்தனில் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய விழாவுக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மண்டபத்தை முதல் நாளே போய்ப் பார்ப்பேன். நகப்பூச்சுப் புள்ளிகளைச் சுரண்டிவிட்டேன். இனிமேல் ஒவ்வொரு இடத்திலும் புதிதாகக் காது கொடுத்துத்தான் திருகுவேன்.

மகளை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அவள் இன்னும் என்னிடம் பால் குடிக்கிறாள், நாள் முழுவதும் விட்டுவிட்டுப் போக முடியாது. தவில் வாசிக்கும் குடும்பங்களிலும், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் வீடுகளிலும் பிள்ளை வளர்த்த தாய்மார் இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். பிள்ளையை எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள்? காதுக்கு ஏதும் மாட்டினீர்களா, அதைக் கழற்றி எறியாமல் எப்படிப் பழக்கினீர்கள்? சத்தத்துக்குள் உங்கள் பிள்ளை உறங்கியபோது நீங்கள் எழுப்பினீர்களா, உறங்க விட்டீர்களா?